அலமாரியைக் காலி செய்யும் முன்: பங்கு அருள்பணிப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்கு அருள்பணிப் பேரவையின் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இயேசுவுக்கே புகழ்; மரியே வாழ்க.

இரண்டு ஞாயிறுகளுக்கு முன் திருப்பலி முடிந்து வாசிக்கப்பட்ட அறிவிப்பைக் கேட்டேன். பங்கு மன்றத்தின் பின்சுவரையொட்டி நிற்கும் இரண்டு மர அலமாரிகளிலும் உள்ள புத்தகங்கள் பூசணம் பிடித்துக் கிடப்பதாலும், அவற்றை எடுத்துப் படிப்பவர் எவரும் இல்லாததாலும், அவை பழைய பேப்பர் கடைக்குப் போடப்படும் என்றும், அவற்றுக்கு ஈடாக நாள்தோறும் விடியற்காலையில் ஒரு புனிதரின் பொன்மொழி படத்தோடு எல்லா அன்பியங்களின் (பங்கின் சிறு கிறிஸ்தவச் சமூகங்களின்) வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பப்படும் என்றும் சொல்லப்பட்டது. பொன்மொழி அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை. புத்தகம் போன இடத்தில் அது வந்து உட்காருவதைப் பற்றித்தான் இந்த மடல்.

இந்த மலையில் 31 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பேரவையில் உறுப்பினர் அல்ல. எழுதிக் கையில் கொடுத்தால் கோப்பில் சேர்ந்துவிடும் என்பதாலும், அலமாரி பங்கு மக்கள் எல்லாருக்கும் உரியது என்பதாலும் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். பெண்ணொருத்தி மேலிடத்துக்கு மடல் எழுதுவது நம் திருச்சபையில் புதிய வழக்கமும் அல்ல. அவிஞ்ஞோனில் தங்கியிருந்த திருத்தந்தை 11ஆம் கிரகோரியாரை உரோமைக்குத் திரும்பச் சொல்லி சியன்னா நகர் கத்தரீனம்மாள் எழுதிய மடல்கள் இன்றும் இருக்கின்றன. அவர் குருத்துவமும் படிப்பும் இல்லாதவர், ஒரு சாயக்காரரின் மகள்.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் மன்றத்துச் சுவரில் தண்ணீர் கசிகிறது. கம்பளிச் சட்டையே பூசணம் பூக்கும் ஊரில் காகிதம் என்ன செய்யும்? அலமாரியைத் திறந்தால் தும்மல் வருகிறது என்று பேரவையில் ஒருவர் சொன்னாராம். உண்மைதான், எனக்கும் வரும். ஆனால் ஈரம் பிடித்த அரிசியை வெயிலில் காயவைக்கிறோமே தவிர, கழனித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவதில்லை.

முன்னோட்டமாக இரண்டு வாரம் அனுப்பப்பட்ட பொன்மொழிப் படங்களை ஒன்று விடாமல் பார்த்தேன். முதல் வாரத்திலேயே, அமைதியின் கருவியாகத் தன்னை ஆக்கும்படி இறைவனை வேண்டும் புகழ்பெற்ற செபம், அசிசி நகர்ப் பிரான்சிஸ் கிறிஸ்துவின் ஐந்து காயங்களையும் தம் உடலில் வரமாகப் பெற்ற படத்தோடு வந்தது. அந்தச் செபம் 1912ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒரு சிறிய பக்தி இதழில் எழுதியவர் பெயர் இல்லாமல் முதன்முதலில் அச்சானது. பின்னர் பிரான்சிஸ் அசிசியாரின் படத்துக்குப் பின்புறம் அதை அச்சிட்டார்கள். அவர் எழுதியதாகவே உலகம் நம்பத் தொடங்கியது. அவர் இறந்ததோ 1226இல். அடுத்த சில நாள்களில், கிறிஸ்துவுக்கு இப்போது உன் கைகளைத் தவிர வேறு கைகள் இல்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம் ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரேசம்மாள் பெயரில் வந்தது. அவருடைய நூல்கள் எதிலும் அது இல்லை. இரண்டும் நல்ல சொற்கள். அவற்றைச் சொல்லிச் செபிப்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பிரான்சிஸ் அசிசியார் உண்மையிலேயே இயற்றிய பாடல் ஒன்று இருக்கிறது. கண்பார்வை ஏறக்குறையப் போய், வெளிச்சம் பட்டாலே வலி தாங்க முடியாத நிலையில், அசிசிக்கு அருகே சான் தமியானோவில் நோயுற்றுக் கிடந்தபோது, சூரியனை அண்ணன் என்றும் தண்ணீரைத் தங்கை என்றும் அழைத்து, இலத்தீனில் அல்லாமல் தம் ஊர் மக்கள் பேசிய மொழியில் அவர் பாடியது அது. சூரியனைப் பார்க்க முடியாதவர் சூரியனுக்காக நன்றி சொன்னார் என்பது தெரிந்தபின் அந்தப் பாட்டு வேறு பாட்டாகிவிடுகிறது. படத்தின் மூலையில் அச்சிடும் இரண்டு வரியில் இதை எப்படி அடக்குவது?

நான் சொல்ல வந்தது இதுதான். ஆன்மிக நூல்களை எழுதியவர்களின் வாக்கியங்களை அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து பிய்த்து எடுத்தால், அவர்கள் எந்த நேரமும் மகிழ்ந்திருந்தவர்கள், செபம் அவர்களுக்கு ஊற்றுநீர்போலச் சுரந்தது, ஐயம் அவர்கள் வாசல்படி மிதித்ததில்லை என்று நாம் நினைக்கத் தொடங்குகிறோம். அப்படி நினைத்தவள் நான். அதனால் பட்டதையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கணவர் இறந்த பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எனக்குச் செபம் வரவில்லை. கோயிலுக்கு வந்தேன், பாடல் பாடினேன், நற்கருணை வாங்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை. செபமாலையின் மணிகள் விரல்களுக்கு இடையே பூண்டுப் பற்களைப்போல நகர்ந்தன. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நல்லவர்கள். ஆனால் அவர்கள் சொன்னவை எல்லாம் நாள்காட்டியில் அச்சிட்டவை. விசுவாசம் உள்ளவர்களுக்குக் கலக்கம் இல்லை என்று ஒருவர் சொன்னபோது, எனக்குக் கலக்கம் இருக்கிறது, ஆகவே விசுவாசம் போய்விட்டது என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டேன்.

அந்த நாள்களில்தான் ஒரு மாலை மழைக்காக மன்றத்தில் ஒதுங்கியபோது, பிரான்சு நாட்டுக் கார்மேல் மடத்துத் துறவி சிறுமலர் தெரேசாவின் தன்வரலாற்றின் பழைய தமிழ்ப் பதிப்பு ஒன்றை அந்த அலமாரியிலிருந்து எடுத்தேன். முதலும் கடைசியும் சில பக்கங்கள் போயிருந்தன. நம் வீடுகள் எல்லாவற்றிலும் அவர் படம் இருக்கிறது: கையில் சிலுவை, சிலுவையைச் சுற்றி ரோஜாப்பூ. அந்தப் படத்தை வரைந்தவர் அதே மடத்தில் துறவியாக இருந்த அவருடைய அக்காள் செலின். அதைப் பார்த்துப் பார்த்து, அவர் பூந்தோட்டத்தில் நடந்தே மோட்சம் போனவர் என்று எண்ணியிருந்தேன். புத்தகம் வேறு ஒன்றைச் சொன்னது. 1896ஆம் ஆண்டு புனித வாரத்தில் அவர் முதன்முறையாக இரத்தம் கக்கினார்; அந்தப் பாஸ்கா காலத்திலேயே மறுமை வாழ்வு பற்றிய அவருடைய நம்பிக்கையின்மேல் ஓர் இருள் இறங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் 24 வயதில் காசநோயால் இறக்கும்வரை அது விலகவே இல்லை. மோட்சத்தைப் பற்றி அவர் மகிழ்ச்சியாகப் பாடல் எழுதிய நாள்களில், உள்ளே ஒரு குரல், நீ கனவு காண்கிறாய், உனக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லாமையின் இரவு என்று ஏளனம் செய்துகொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நம்புகிறேன் என்பதைத் தமக்கே சொல்லிக்கொள்ள, விசுவாச அறிக்கையைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்திருந்தார். கடைசிப் பக்கங்களை மை தொட்டு எழுதும் வலுவும் இல்லாமல் பென்சிலால் எழுதினார்.

ஆறுதல் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். விசுவாசம் போய்விட்டது என்று எனக்கு நானே எழுதிக்கொண்ட தீர்ப்பை மட்டும் அன்று நிறுத்திவைத்தேன். திருச்சபை மறைவல்லுநர் (விசுவாசத்தைக் கற்பிக்கும் பேராசான்) என்று 1997இல் அறிவித்த ஒருவர் இந்த இருட்டில் ஒன்றரை ஆண்டு இருந்திருக்கிறார் என்றால், நான் இருப்பது திருச்சபைக்கு வெளியே உள்ள இடம் அல்ல என்பது விளங்கியது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நூல் அவர் இறந்து சரியாக ஓராண்டு கழித்து 1898இல் 2000 படிகள் அச்சானபோது, மடத்தின் முன்னாள் தலைவியும் அவருடைய இன்னொரு அக்காளுமான பவுலின் அதை நன்றாகவே மெருகேற்றியிருந்தார். 7000க்கும் மேற்பட்ட திருத்தங்கள் என்று பின்னால் எண்ணியவர்கள் சொல்கிறார்கள். அவர் எழுதியபடியே உள்ள கையெழுத்துப் படிகள் 1956இல்தான் வெளிவந்தன. அக்காளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கை அதற்கு இசைவு தந்திருந்தார். இருளைப் பற்றிய பக்கங்களும் முதல் பதிப்பிலேயே இருந்தன. ஆனால் அத்தனை அன்போடு திருத்தியவர் கையிலேயே ஒரு வாழ்க்கை இவ்வளவு வழவழப்பாகிவிடும் என்றால், நாம் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து ரோஜாப்பூ ஒட்டி அனுப்பினால் என்ன ஆகும் என்பதைப் பேரவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்னை தெரேசாவின் மடல்கள் 2007இல் வெளிவந்தபோது, அவர் பல பத்து ஆண்டுகள் இறைவனை உணராமலே செபித்தார் என்று படித்த சிலர் திகைத்தார்கள், சிலர் கேலி செய்தார்கள். அம்மடல்களை எரித்துவிடும்படி அவர் கேட்டிருந்தார். எரிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன், அவர் என்னை மன்னிப்பாராக.

அவிலா தெரேசம்மாள் எழுதாமலே அவர் பெயரில் வந்த வாக்கியத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் உண்மையில் எழுதியவை இதைவிடச் சுவையானவை. செப நேரத்தில் இறைவனோடு இருப்பதைவிட எப்போது மணி அடிக்கும் என்று காது கொடுத்துக் காத்திருந்ததே மிகுதி என்று அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். நற்கருணை வாங்கிய வேளை நீங்கலாக, கையில் புத்தகம் இல்லாமல் செபத்தில் உட்காரவே அஞ்சியதாகவும், அந்த வறட்சி 18 ஆண்டுகள் நீண்டதாகவும் சொல்கிறார். புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாலே போதும், சில வேளை படிக்கவும் தேவைப்படாது, அது ஒரு கேடயம்போல இருந்தது என்கிறார். அப்படிப்பட்டவர் வாழ்நாளில்தான், 1559இல், ஸ்பெயின் நாட்டு விசாரணை மன்றம் மக்கள் மொழியில் இருந்த பக்தி நூல்கள் பலவற்றைத் தடை செய்தது. இலத்தீன் அறியாத பெண்கள் கையிலிருந்த புத்தகங்கள் போயின. அவர் வருந்தினார், வருந்தாதே, உனக்கு நான் உயிருள்ள நூலைத் தருவேன் என்று ஆண்டவர் தமக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறார். நம் பேரவையை அந்த மன்றத்தோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். பழைய பேப்பர் கடைக்காரர் யாரையும் எரிப்பதில்லை. புத்தகம் போனபோது ஒரு புனிதையே வருந்தினார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அவருடைய தோழர் சிலுவை அருளப்பரைப் பற்றியும் ஒரு சொல். மனச்சோர்வு எதுவானாலும் அதற்கு ஆன்மாவின் இருண்ட இரவு என்று பெயர் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவரை 1577 டிசம்பரில் தூக்கிக்கொண்டு போய்த் தொலேதோ நகரில் காற்றும் வெளிச்சமும் இல்லாத ஓர் அறையில் ஏறக்குறைய ஒன்பது மாதம் அடைத்து வைத்து, கசையால் அடித்தவர்கள் வேற்றுமதத்தார் அல்லர். தெரேசம்மாளும் அவரும் சபையில் கொண்டுவந்த சீர்திருத்தம் பிடிக்காத அவருடைய சொந்தக் கார்மேல் சபைச் சகோதரர்கள். செய்தி கேட்டவுடன் தெரேசம்மாள் அரசர் 2ஆம் பிலிப்புக்கே மடல் எழுதினார். இவர்கள் கையில் இருப்பதைவிட மூர்களின் (முஸ்லிம்களின்) கையில் அவர் இருந்தால் எனக்குக் கவலை குறையும் என்று அதில் இருக்கிறது. அந்த அறையில்தான் காதலனைத் தேடும் மணமகளின் பாடல்கள் பெரும்பாலும் பிறந்தன. திருச்சபையாலேயே காயப்பட்டு, திருச்சபையை விட்டுப் போகாமல் இருக்கிற ஒருவருக்கு, அன்பியத்துக்கு ஒருவரேனும் அப்படி இருக்கிறார், இந்த வரலாறு தெரிய வேண்டும். பொன்மொழிப் படத்தில் இதை யாரும் அச்சிட மாட்டார்கள்.

நம் மலையின் பெயர்பெற்ற கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டு மாதத்தில் நாம் எல்லாரும் சலேத் மாதா திருவிழாவுக்குப் போகிறோம். 1846 செப்டம்பர் 19ஆம் நாள் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்ற இரு பிள்ளைகளுக்கு அழுதுகொண்டிருந்த மாதா காட்சி தந்தார் என்பது வரலாறு. அந்தப் பிள்ளைகள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறோமா? மாக்சிமின் குருமடத்தில் நிலைக்கவில்லை, மருத்துவப் படிப்பை முடிக்கவில்லை, ஒரு மதுபானத்துக்குச் சலேத் பெயரை வைத்து விற்கும் தொழிலிலும் சேர்ந்து நொடித்தார். மெலானியால் ஒரு மடத்திலும் நிலையாக இருக்க முடியவில்லை. அவர் வெளியிட்ட நூலைத் திருச்சபை பின்னால் தடை செய்தது. இருவரும் புனிதர் பட்டம் பெறவில்லை. காட்சியைத் திருச்சபை ஏற்றது. கண்டவர்களின் வாழ்க்கை கரடுமுரடாகவே கிடந்தது. இதைச் சொன்னால் பக்தி குறையும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கலாம். எனக்கு அந்த மாதாவின் கண்ணீர் இதைத் தெரிந்துகொண்ட பிறகே கொஞ்சம் புரிந்தது.

புத்தகம் படிக்க ஆள் இல்லை என்கிறீர்கள். 1521இல் பாம்ப்லோனாவில் குண்டு பட்டுக் கால் நொறுங்கிப் படுத்திருந்த ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர் இஞ்ஞாசியாருக்கும் பக்தி நூல் படிக்கும் எண்ணம் இருந்ததில்லை. அவர் கேட்டவை வீரர்களின் காதல் கதைகள். அந்த வீட்டில் அவை இல்லை. இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு நூலும் புனிதர் வரலாறு ஒன்றும். வேறு வழியின்றிப் படித்தார். இயேசு சபை அங்கிருந்து தொடங்குகிறது; செண்பகனூரில் அச்சபையார் 1895இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரியும் ஒரு வகையில் அங்கிருந்தே வருகிறது. யாரும் எடுத்துப் படிக்காமல் ஒரு வீட்டில் சும்மா கிடந்த இரண்டு புத்தகங்களின் கதை இது.

அந்த இஞ்ஞாசியாருக்கு மடல் எழுதியவர்களில் ஒருவர் போர்ச்சுக்கல் நாட்டு இயேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கஸ். முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற மறைக்கல்வி நூலை அச்சிட்டார். 1586இல் அடியார் வரலாறு என்று நாம் அழைக்கும் புனிதர் வரலாற்றைத் தமிழில் அச்சிட்டார். இஞ்ஞாசியாரைப் புரட்டிப்போட்டது எந்த வகை நூலோ, அந்த வகை நூலே அறுபத்தைந்து ஆண்டுகளில் தமிழுக்கு வந்து சேர்ந்தது. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் கடலோரப் பரதவர்கள். முத்துக்குளித்த காசில் அவர்கள் வாங்கித் தந்ததை நாம் கிலோ கணக்கில் எடை போடப் போகிறோம்.

நம்மவர் எழுதியவற்றையும் மறக்க வேண்டாம். வீரமாமுனிவரின் தேம்பாவணி 3615 பாடல்களில் வளனாரை, அதாவது சூசையப்பரை, பாடுகிறது. அதன் ஒரு படி அலமாரியின் கீழ்த்தட்டில், கரையான் இன்னும் எட்டாமல் இருக்கிறது. துறவிகள் மட்டும்தான் ஆன்மிகம் எழுதினார்கள் என்பதும் இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் (கீழ்நீதிமன்ற நீதிபதி) வேலை பார்த்த குடும்பஸ்தர். மாதாவின் மேல் அந்தாதி பாடிய அதே கையால் எல்லாச் சமயத்தாரும் பாடும் கீர்த்தனைகளையும் எழுதினார், தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைக் கொடுத்துக் கஞ்சி ஊற்றினார். பஞ்சத்தைக் கண்டு அவர் இறைவனிடம் முறையிடும் பாடல்களில் இருப்பது கோபமா பக்தியா என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

சென்ற தவக்காலத்தில் எங்கள் அன்பியத்தில் சிறிய முயற்சி ஒன்று செய்தோம். எங்கள் பகுதிப் பெண்கள் மாலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிப் பூண்டு உரித்துத் தரம் பிரிப்பார்கள். கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். லாரன்ஸ் சகோதரரைப் பற்றி நாளுக்கு இரண்டு பக்கம் வாசித்தேன். போரில் காயப்பட்டுக் கால் விந்திய அந்த மனிதர், பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தின் அடுக்களையில் பல ஆண்டுகள் சமைத்தார். வயதான பின் செருப்புத் தைத்தார். அடுக்களை வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. அவர் நூல் எழுதவும் இல்லை. அவருடைய மடல்களையும் அவரோடு பேசியவற்றையும் அவர் இறந்தபின் வேறொருவர் தொகுத்தார். அடுக்களை அவருக்குப் பிடிக்காது என்று நான் வாசித்த இடத்தில் பெண்கள் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாள், அந்தச் சாமியாருக்கு நெஞ்செரிச்சல் வந்ததா, அதை எழுதியிருக்கிறதா என்று கேட்டார். படிப்பவர் இல்லை என்று சொல்லும்போது, கேட்பவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பேரவை அடுத்த கூட்டத்தில் இந்த முடிவை மறுபடி எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தை மாத வெயிலில் புத்தகங்களை வெளியே எடுத்துக் காயவைத்து, வேப்பிலை போட்டு அடுக்க எங்கள் அன்பியத்திலிருந்து ஆறு பேர் வருவோம். அலமாரியைக் கசிவுச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலே பாதிக் கேடு குறையும். உண்மையிலேயே மட்கிப் போனவற்றை எடுத்துவிடுவதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பழமையான பதிப்புகள் ஏதேனும் இருக்கலாம் என்பதால், எறிவதற்கு முன் செண்பகனூரில் உள்ள இயேசு சபை ஆவணக் காப்பகத்தாரிடம் ஒருமுறை காட்டிக் கேட்பது நல்லது. பொன்மொழி அனுப்புங்கள், அதோடு அது எந்த நூலில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்பதையும், அதை எழுதியபோது அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து அனுப்புங்கள். தேடித் தர நான் இருக்கிறேன். நூலில் கண்டுபிடிக்க முடியாத பொன்மொழியைப் பெயர் இல்லாமலே அனுப்பலாம்.

கடைசியாக ஒன்று. நான் எடுத்துப் படித்த அந்தச் சிறுமலர் தெரேசாவின் புத்தகத்தில், இருளைப் பற்றிய பக்கங்களில் மட்டும் யாரோ பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டிருக்கிறார். பழைய உபதேசியார் ஒருவரின் கையெழுத்து என்று வயதானவர்கள் சொல்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் எங்களைத் தலையில் குட்டி மந்திரம் சொல்ல வைத்தவர் அவர். ஐயம் என்பதே அறியாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்தப் புத்தகம் இப்போது மேல்தட்டில், வலதுபுறத்திலிருந்து நான்காவதாக, அட்டை இல்லாமல் இருக்கிறது. வேறு எதை எடை போட்டாலும் அதை எடை போட வேண்டாம்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருத்தி,
கொடைக்கானல் மலை